ஊசி போட்ட பிறகு ஏதாவது ஆனால் யார் பார்க்கிறார்கள்?

பெரம்பூர் பக்கம் ஒரு பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் இருக்கும் ஒரு தாய் கேட்டிருக்கிறார்: "எங்கள் பள்ளியில் தடுப்பூசி முகாம் வரப்போகிறது. வாட்ஸ்அப்பில் என்னென்னவோ சுற்றுகிறது. ஊசி போட்ட பிறகு ஒரு பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் உண்மையிலேயே யாராவது விசாரிக்கிறார்களா, இல்லை மூடி மறைத்துவிடுவார்களா? ஒரே வாரத்தில் லட்சக்கணக்கான பேருக்குப் போடும்போது ஊசியால்தான் வந்ததா, தானாக வந்ததா என்று எப்படிப் பிரித்துப் பார்ப்பார்கள்?"

நான் சென்னையில் தடுப்பூசி வேலையிலேயே இருபது வருடத்துக்கு மேல் ஓடிவிட்டு ஓய்வு பெற்ற மருத்துவன். விசாரிக்கிறார்கள் என்பதுதான் சுருக்கமான பதில். நீங்கள் நினைப்பதைவிட ஒழுங்காகவே விசாரிக்கிறார்கள். ஆனால் விசாரித்துக் கண்டுபிடித்ததை உங்களிடம் வந்து சொல்கிறார்களா என்று கேட்டால், அங்கேதான் எனக்கு வாய் அடைத்துப்போகும். கீழிருந்து மேலே தகவல் போகிற பாதையை நன்றாகப் போட்டுவிட்டோம். மேலிருந்து கீழே பதில் வருகிற பாதை இன்னும் மண் ரோடுதான்.

முதலில் ஒரு சொல். ஊசி போட்ட பிறகு உடம்புக்கு வரும் எந்தத் தொந்தரவையும் நாங்கள் ஏ.இ.எஃப்.ஐ. என்போம், தடுப்பூசிக்குப் பின் வரும் பாதக நிகழ்வு என்று பொருள். "பின்" என்றால் பின் மட்டும்தான், "காரணமாக" என்று அதில் எங்கும் இல்லை. கையில் லேசான வீக்கம், ஒரு நாள் காய்ச்சல் முதல் மரணம் வரை எல்லாம் இந்தக் கூடையில் விழும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை எல்லோரும் எடுத்தவுடன் சொல்லிவிடுவார்கள். பழுத்த பழமா, காக்கை கிளையை ஆட்டியதா என்று மரத்தில் ஏறிப் பார்ப்பதுதான் எங்கள் வேலை. ஏறாமலே "பழம் பழுத்திருந்தது" என்று சொல்கிற அதிகாரியும், ஏறாமலே "காக்கைதான்" என்று சொல்கிற வாட்ஸ்அப் மாமாவும் எனக்கு ஒன்றுதான்.

காரணங்களை உலக சுகாதார நிறுவனம் ஐந்து வகையாகப் பிரித்திருக்கிறது. மருந்தின் இயல்பாலேயே வருவது. மருந்து தயாரிப்பில் குறை. போட்ட விதத்தில் தவறு. ஊசி பற்றிய பயம், பதற்றத்தால் வருவது. எந்தச் சம்பந்தமும் இல்லாமல் அதே நேரத்தில் வந்துவிடுவது. எங்கள் அனுபவத்தில் ஊர் பயப்படுவது முதல் இரண்டுக்கு. நாங்கள் பயப்படுவது மூன்றாவதுக்கு. முகாமைக் கவிழ்ப்பது நான்காவது. விளக்கிச் சொல்ல முடியாமல் திணறுவது ஐந்தாவதில்.

மூன்றாவதை முதலில் சொல்லிவிடுகிறேன், அதில் நம் பக்கத்து மாவட்டத்துக் கதையே இருக்கிறது. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட அன்றே நான்கு குழந்தைகள் இறந்தன. சென்னை வரை அதிர்ந்தது. அதன் பிறகு, கிராமத்துக்குப் போய்ப் போடுவதை நிறுத்தி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவர் இருக்கும்போதுதான் போட வேண்டும் என்று மாநிலத்தில் மாற்றினார்கள். பாதுகாப்பு என்று பார்த்தால் சரியான முடிவு. ஆனால் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ் பிடித்து, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வர வேண்டிய தாய்மார்கள் எத்தனை பேர் வராமலே விட்டிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

தட்டம்மை ஊசி மருந்து பொடியாக வரும். அதோடு வரும் கரைப்பானைக் கலந்துதான் போட வேண்டும். கலந்த பிறகு நான்கு மணி நேரம்தான் ஆயுள், அதுவும் ஐஸ் பெட்டிக்குள் வைத்தால். அதில் கிருமி வளராமல் தடுக்கும் எந்தப் பொருளும் சேர்ப்பதில்லை. நேரம் தாண்டினால் பாக்டீரியா வளர்ந்து, போட்ட சில மணி நேரத்தில் வாந்தி, பேதி, கடும் காய்ச்சல் என்று குழந்தையைச் சாய்த்துவிடும். கரைப்பானுக்குப் பதிலாக வேறு குப்பி கைக்கு வந்துவிட்டால் இன்னும் மோசம். 2014-ல் சிரியாவின் இட்லிப் பகுதியில் அறுவை சிகிச்சைக்குத் தசையைத் தளர்த்தும் மருந்தைக் கரைப்பான் என்று நினைத்துக் கலந்துவிட்டார்கள். 15 குழந்தைகள் போயின. அந்த மருந்து மூச்சுத் தசைகளையும் நிறுத்திவிடும். 2018 ஜூலையில் பசிபிக் கடலில் இருக்கும் சமோவா தீவிலும் இதே தவறு. இரண்டு குழந்தைகள் இறந்தன.

சமோவாவில் அதற்குப் பிறகு நடந்ததுதான் நான் எல்லாப் பயிற்சி வகுப்பிலும் சொல்லும் கதை. தவறு செவிலியர் கையில், மருந்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அரசு பல மாதங்கள் ஊசியையே நிறுத்தி வைத்தது. திரும்பத் தொடங்கியபோது மக்கள் வரவில்லை. குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்குக்குத்தான் தடுப்பூசி போய்ச் சேர்ந்திருந்தது. 2019 கடைசியில் தட்டம்மை புகுந்தது. இரண்டு லட்சம் பேர் வாழும் நாட்டில் 5,700 பேருக்கு நோய், 83 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். இரண்டு சாவை விளக்கிச் சொல்லாமல் விட்டதற்கு 83.

அதனால்தான் ஊசி போடும் இடத்தில் குப்பி மேல் திறந்த நேரத்தைப் பேனாவால் எழுதச் சொல்கிறோம். நர்ஸ் எழுதவில்லை என்றால் நீங்களே கேட்கலாம், கோபப்பட மாட்டார்கள். கோபப்பட்டால் அந்த முகாமில் பிள்ளைக்குப் போடாதீர்கள்.

சரி, பயத்தால் வரும் மயக்கம். 2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா முகாம் தொடங்கியது. 9 மாதக் குழந்தை முதல் 15 வயது வரை, தமிழ்நாட்டில் மட்டும் ஒன்றே முக்கால் கோடிப் பிள்ளைகள் இலக்கு. முதல் கட்டத்தில் நாட்டிலேயே நம்மைத் தவிர நான்கு இடங்கள்தான்: கர்நாடகம், புதுச்சேரி, கோவா, லட்சத்தீவு. தொடங்குவதற்கு முன்பே வாட்ஸ்அப்பில் ஆடியோ வந்துவிட்டது. "இந்த ஊசி போட்டால் பிள்ளைக்குப் பிற்காலத்தில் குழந்தை பிறக்காது", "வெளிநாட்டில் தடை செய்தது". சென்னையின் பெரிய தனியார் பள்ளிகளில்தான் எதிர்ப்பு அதிகம் இருந்தது. படித்தவர்கள் சந்தேகப்படும்போது சந்தேகத்துக்கும் ஒரு மரியாதை வந்துவிடுகிறது. பிப்ரவரியோடு முடிய வேண்டியதை மார்ச்சுக்கும் நீட்டிக்க வேண்டியிருந்தது.

அந்த முகாமில் வடசென்னையில் ஒரு பெண்கள் பள்ளி. ஒன்பதாம் வகுப்பு. காலை பதினொன்றரை மணி, வெயில் ஏறிவிட்டது, தாழ்வாரத்தில் நீளமான வரிசை. காலையில் சாப்பிடாமல் வந்த ஒரு பெண், ஊசி போட்டு எழுந்து நான்கடி நடந்ததும் சரிந்தாள். வரிசையில் நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள். ஒரு டீச்சர் "ஐயோ" என்று கத்தினார். அரை மணி நேரத்துக்குள் பதினான்கு பெண்கள் பெஞ்சில் படுத்திருந்தார்கள். அதில் மூன்று பேருக்கு இன்னும் ஊசியே போடவில்லை.

என்னுடன் இருந்த நர்ஸ் அக்கா என்னைவிடக் கெட்டிக்காரர். முதல் வேலையாக வரிசையைக் கலைத்து வகுப்பறைகளுக்குத் திருப்பி அனுப்பினார். படுத்திருந்தவர்களை ஒரே இடத்தில் வைக்காமல் இரண்டு அறையாகப் பிரித்தார். காலுக்கடியில் புத்தகப் பை வைத்து உயர்த்தினார். நான் ஒவ்வொருவராக நாடி பிடித்துப் பார்த்தேன். மயக்கம் என்றால் முகம் வெளுத்து, வியர்த்து, நாடி மெதுவாக ஓடும். படுக்க வைத்தால் ஓரிரு நிமிடத்தில் சரியாகும். அனாஃபிலாக்சிஸ் என்னும் கடும் ஒவ்வாமை என்றால் தோல் அரித்துத் தடிக்கும், மூச்சு இழுக்கும், நாடி வேகமாக ஓடி இழை போல மெலியும். படுக்க வைத்தாலும் சரியாகாது. அதற்குத் தொடையில் அட்ரினலின் ஊசி, உடனே. அந்த மருந்துப் பெட்டி ஒவ்வொரு முகாம் மேஜையிலும் இருக்க வேண்டும்; டாக்டர் வரும்வரை காத்திருக்காமல் முதல் டோஸை நர்ஸே போடலாம். அன்று ஒருவருக்கும் அது தேவைப்படவில்லை.

தலைமை ஆசிரியர் 108-க்குப் போன் போடச் சொன்னார். நான் தடுத்தேன். ஒரு ஆம்புலன்ஸ் சைரனோடு உள்ளே வந்திருந்தால் இன்னும் நாற்பது பேர் விழுந்திருப்பார்கள், மாலைச் செய்தியில் பள்ளிப் பெயர் வந்திருக்கும். குளுக்கோஸ் பிஸ்கட், தண்ணீர், காற்று. ஒரு மணிக்கு எல்லோரும் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

ஆனால் அன்று நான் ஒரு தப்பு செய்தேன். ஓடி வந்த ஒரு தாயிடம், "ஒண்ணும் இல்லம்மா, சும்மா பயம்தான்" என்றேன். ஆறுதலாகத்தான் சொன்னேன். அவர் என்னை நேராகப் பார்த்து, "அப்போ என் பொண்ணு நடிக்கிறாளா சார்?" என்று கேட்டார். பதில் இல்லை. மயக்கம் நடிப்பு கிடையாது. ரத்த அழுத்தம் நிஜமாகவே இறங்குகிறது, பிள்ளை நிஜமாகவே விழுகிறாள், தலையில் அடிபட்டால் நிஜமாகவே ரத்தம் வரும். காரணம் மருந்தில் இல்லை, அவ்வளவுதான். அதைச் சொல்லத் தெரியாமல் "சும்மா" என்ற ஒரு வார்த்தையால் அந்தத் தாயின் நம்பிக்கையைக் கெடுத்தேன். மறுநாள் அந்தத் தெருவில் நாற்பது வீட்டில் ஊசி வேண்டாம் என்றார்கள். அதற்குக் காரணம் பதினான்கு மயக்கமா, என் ஒரு வார்த்தையா என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

இனி, எதேச்சையாக வருவது. நீங்கள் கேட்ட "எப்படிப் பிரித்துப் பார்ப்பார்கள்" என்ற கேள்விக்குப் பதில் இதில்தான் இருக்கிறது. கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். 2020 வாக்கில் தமிழ்நாட்டில் வருடத்துக்குச் சுமார் 9 லட்சம் குழந்தைகள் பிறந்தன. 2020 மாதிரிப் பதிவுக் கணக்குப்படி ஆயிரத்துக்கு 13 குழந்தைகள் முதல் பிறந்தநாளைப் பார்ப்பதில்லை. நாட்டின் சராசரியில் பாதிக்கும் குறைவு, என்றாலும் வருடத்துக்குப் பதினோராயிரத்துக்கு மேல். இதில் முதல் மாதம் தாண்டிய பிறகு இறப்பது மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம், கிட்டத்தட்ட நாலாயிரம். அந்தப் பதினோரு மாதத்தில் ஒரு குழந்தை ஆறு, பத்து, பதினான்கு வாரம், ஒன்பது மாதம் என்று நான்கு முறை ஊசிக்கு வருகிறது. அப்படியானால் ஊசிக்கும் சாவுக்கும் எந்தத் தொடர்பும் இல்லாவிட்டாலும், ஊசி போட்ட 24 மணி நேரத்துக்குள் இறக்கும் குழந்தைகள் மாநிலத்தில் வருடத்துக்கு நாற்பது ஐம்பது இருக்கும். இது என் தோராயக் கணக்குதான், ஆனால் தர்க்கம் இதுதான். எதிர்பார்த்த எண்ணிக்கையை முதலில் போட்டு வைத்துக்கொண்டு, நடந்த எண்ணிக்கையை அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோம். ஐம்பது இருக்க வேண்டிய இடத்தில் நூறு வந்தால் ஏதோ இருக்கிறது. அதே தொகுதி எண் (பேட்ச் நம்பர்) கொண்ட குப்பியில், அதே நாளில், ஒரே இடத்தில் மூன்று வந்தால் கணக்கே வேண்டாம், அந்தக் குப்பியை அப்போதே நிறுத்திவிடுவோம்.

கடும் ஒவ்வாமைக்கும் இதே முறைதான். பெரும்பாலான தடுப்பூசிகளுக்கு அது பத்து லட்சம் டோஸுக்கு ஒன்று என்ற அளவில் வரும். 2017-ல் ஒன்றே முக்கால் கோடி இலக்கு என்றால் பதினேழு பதினெட்டு வர வேண்டும். இங்கே ஒன்று சொல்கிறேன், பலருக்கு விசித்திரமாக இருக்கும்: புகாரே வராத மாவட்டத்தைப் பார்த்தால்தான் எங்களுக்கு வயிற்றைக் கலக்கும். ஒரு லட்சம் பிள்ளைகளுக்குப் போட்டு, ஒரு காய்ச்சல், ஒரு கட்டி, ஒரு மயக்கம்கூட இல்லை என்று பூஜ்யம் போட்டு அனுப்பினால், அங்கே யாரும் பார்க்கவில்லை, அல்லது பார்த்து எழுதப் பயந்திருக்கிறார்கள். எழுதினால் நம் மேல் பழி வரும் என்று நர்ஸ் நினைக்கும் இடத்தில் உண்மை செத்துப்போகும். விசாரணை என்பது தண்டனைக்கு இல்லை என்று நாங்கள் எத்தனை முறை சொன்னாலும், முதல் ஆளாக சஸ்பெண்ட் ஆவது எப்போதும் அந்த நர்ஸ்தான் என்பதை அவர்களும் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறார்கள்?

காகித வேலை இப்படிப் போகும். கடுமையான நிகழ்வு என்றால் மருத்துவ அலுவலர் 24 மணி நேரத்துக்குள் முதல் படிவத்தை அனுப்ப வேண்டும். மொத்தம் 48 மணி நேரத்துக்குள் அது மாநிலத்துக்கும் டெல்லிக்கும் போய்ச் சேர வேண்டும். முதற்கட்ட விசாரணைக்குப் பத்து நாள், முழு விசாரணைக்கு எழுபது நாள், நிபுணர் குழுவின் காரணத் தொடர்பு முடிவுக்கு நூறு நாள். 2015 நெறிமுறையில் இருந்த கெடு இது. மிச்சக் குப்பியும் கரைப்பானும் குளிர் குலையாமல் கசௌலியில் இருக்கும் மத்திய ஆய்வகத்துக்குப் போகும், சிரிஞ்ச் கொல்கத்தாவுக்கு. அதே குப்பியில் இருந்து போட்டுக்கொண்ட மற்ற பிள்ளைகளின் வீட்டுக்கு ஆள் போகும், இதுதான் மிக முக்கியமான வேலை என்பேன். ஒரு குப்பியில் பத்து டோஸ். ஒன்பது பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தால் மருந்து கெட்டதாக இருக்க வாய்ப்பு குறைவு. கடைசியில் குழு நான்கில் ஒன்றைச் சொல்லும்: தொடர்பு உண்டு, முடிவு சொல்ல இன்னும் சான்று போதவில்லை, தொடர்பு இல்லை, அல்லது வகைப்படுத்தவே தகவல் போதாது.

இந்த ஏற்பாடு நிஜமான ஆபத்தைப் பிடித்ததும் உண்டு. 2021 மே மாதம் தேசிய ஏ.இ.எஃப்.ஐ. குழு 498 கடுமையான நிகழ்வுகளை ஆராய்ந்து, கோவிஷீல்டு போட்டவர்களில் 26 பேருக்கு ரத்தம் உறையும் பாதிப்பு இருக்கக்கூடும் என்று வெளிப்படையாகச் சொன்னது. பத்து லட்சம் டோஸுக்கு 0.61. 1999-ல் அமெரிக்காவில் முதல் ரோட்டா வைரஸ் தடுப்பு மருந்து, குழந்தைகளுக்குக் குடல் செருகிக்கொள்ளும் பிரச்சினையால் ஒரே வருடத்தில் திரும்பப் பெறப்பட்டது. பத்தாயிரத்துக்கு ஒன்று என்ற அளவில் வந்தது, எழுதி அனுப்பிய புகார்களால்தான் முதலில் தெரிந்தது.

இப்போது நடிகர் விவேக். இதைத் தொடாமல் சென்னையில் தடுப்பூசி பற்றிப் பேச முடியாது. 2021 ஏப்ரல் 15 அன்று ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் கோவாக்சின் போட்டுக்கொண்டு, மக்களையும் போட்டுக்கொள்ளச் சொன்னார். மறுநாள் மாரடைப்பு. 17-ஆம் தேதி அதிகாலை இறந்துவிட்டார். இதயத்தின் முக்கிய ரத்தக் குழாயில் நூறு சதவீத அடைப்பு. அப்படிப்பட்ட அடைப்புக்கு அடியில் இருக்கும் கொழுப்புப் படிவு வருடக்கணக்கில் சேர்வது. அந்த மாதம் நாங்கள் போட்டுக்கொண்டிருந்தது 45 வயதைத் தாண்டியவர்களுக்கு. மாரடைப்பு வரும் வயதும் அதுதான். அவர் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே "ஊசிக்கும் இதற்கும் தொடர்பு இல்லை" என்று சொன்னார்கள். தேசியக் குழுவும் அக்டோபரில் அதையேதான் சொன்னது.

முடிவு சரி. ஆனால் சொன்ன வரிசை தப்பு என்பது என் கருத்து. விசாரணைக்கு முன்னால் வந்த மறுப்பை ஊரே கேட்டது; விசாரித்து வந்த முடிவை ஆறு மாதம் கழித்து யாரும் படிக்கவில்லை. முதல் நாள் சொல்ல வேண்டியது வேறு: "நேற்று ஊசி போட்டுக்கொண்டார், இன்று மாரடைப்பு. இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்கிறோம். ஆஞ்சியோவில் இது தெரிகிறது. மீதியை இந்தத் தேதியில் சொல்கிறோம்." இவ்வளவுதான். அதற்கடுத்த சில வாரங்கள் எங்கள் முகாம்களில் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. ஒரு ஆட்டோ ஓட்டுநர் என்னிடம், "சார், அவ்வளவு பெரிய ஆளுக்கே இப்படின்னா, நம்மள யாரு பாப்பா?" என்றார். அந்த ஏப்ரல்-மே மாதங்களில் சென்னை ஆஸ்பத்திரி வாசல்களில் ஆம்புலன்ஸ்கள் எப்படி வரிசையில் நின்றன என்று உங்களுக்கே தெரியும்.

இன்னும் மோசமான பதிலும் உண்டு. 2020-ல் கோவிட் தடுப்பூசிப் பரிசோதனையில் சேர்ந்த சென்னைக்காரர் ஒருவர், தனக்கு நரம்புப் பாதிப்பு வந்தது என்று 5 கோடி ரூபாய் கேட்டு நோட்டீஸ் அனுப்பினார். தயாரித்த நிறுவனம் 100 கோடிக்கு மேல் கேட்டு வழக்குப் போடுவோம் என்றது. பரிசோதனையை நிறுத்தக் காரணம் இல்லை என்று முதற்கட்ட ஆய்வில் அதிகாரிகள் சொன்னார்கள், இருக்கட்டும். ஆனால் புகார் சொன்னவர் மேலேயே பாய்ந்தால் அடுத்தவர் வாய் திறப்பாரா?

சந்தேகம் புதிதும் இல்லை, முட்டாள்களின் சொத்தும் இல்லை. கிண்டியில் 1948-லேயே பி.சி.ஜி. என்னும் காசநோய்த் தடுப்பூசிக்கான ஆய்வகம் வந்துவிட்டது, அந்த ஊசியை நாடெங்கும் போட்டுக்கொண்டிருந்தபோது, 1955-ல் அதை எதிர்த்துச் சிறுநூலே எழுதினார் ராஜாஜி. அதே வருடம்தான் அமெரிக்காவில் ஒரு கம்பெனியின் போலியோ ஊசியில் கிருமி சரியாகச் சாகாமல், சுமார் இருநூறு குழந்தைகள் முடங்கிப் பத்துப் பேர் இறந்தார்கள். அதை ஒரு சில வாரங்களில் பிடித்து நிறுத்திய கண்காணிப்பில் இருந்துதான் இன்றைய ஏற்பாடுகளில் பாதி பிறந்தது. ராஜாஜி சொன்னது எல்லாம் சரி என்று நான் சொல்ல மாட்டேன். கேள்வி கேட்டவரை ஏளனம் செய்தால் கேள்வி போய்விடாது என்றுதான் சொல்கிறேன்.

ஒரு வீட்டைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க மனம் வரவில்லை. ஒரு புதன்கிழமை, இங்கே புதன் என்றால் ஊசி நாள், பத்து வாரக் குழந்தைக்கு ஊசி போட்டாயிற்று. வியாழக்கிழமை காலை தொட்டிலில் அசைவில்லை. நான் போனபோது புடவைத் தொட்டில் இன்னும் உத்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தத் தாய் தடுப்பூசி அட்டையைக் கையில் இறுக்கிப் பிடித்திருந்தார். படிவத்தில் எழுபது எண்பது கேள்வி இருக்கும். கடைசியாக எப்போது பால் கொடுத்தீர்கள், எந்தப் பக்கம் படுக்க வைத்தீர்கள், முந்தைய வாரம் சளி இருந்ததா. ஒவ்வொரு கேள்வியும் அவர் காதில் குற்றச்சாட்டாக விழுவது எனக்குத் தெரிந்தது. நடுவில் அவர் ஒன்றே ஒன்று கேட்டார்: "நான் நேத்து தூக்கிட்டு வராம இருந்திருந்தா?" பிரேதப் பரிசோதனைக்குச் சம்மதிக்க வைப்பதற்குள் மதியமாகிவிட்டது. "உங்கள் கேள்விக்குப் பதில் அதில்தான் இருக்கும்" என்று சொல்லித்தான் சம்மதிக்க வைத்தேன்.

நுரையீரலில் நிமோனியா, நாள்பட்டது. குப்பியில் குறை இல்லை, மற்ற ஒன்பது குழந்தைகளும் நலம். குழு "தொடர்பு இல்லை" என்றது. அந்த முடிவு ஒரு கோப்பில் ஏறி ஏதோ ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்தது. தாயிடம் சொல்ல வேண்டும் என்று எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை. நானாக விசாரித்துத் தெரிந்துகொண்டு அந்த வீட்டுக்குப் போனபோது ஏழு மாதம் ஆகியிருந்தது. ஏழு மாதம் அவர் அந்தக் கேள்வியோடு படுத்து எழுந்திருக்கிறார். தெருவில் ஏழு மாதமும் "ஊசி போட்டுச் செத்த குழந்தை" என்றுதான் பேச்சு. அங்கே வாட்ஸ்அப்பே தேவைப்படவில்லை.

ஆகவே உங்கள் பள்ளிக்கு வருகிறேன். முகாமுக்கு முந்தின நாள், வலிப்பு, முன்பு ஊசிக்கு ஒவ்வாமை, இப்போது காய்ச்சல், புற்றுநோய் சிகிச்சை என்று உள்ள பிள்ளைகளின் பட்டியலை வகுப்பு டீச்சரிடம் வாங்கி மருத்துவக் குழுவிடம் கொடுங்கள். ஒப்புதல் படிவத்தில் மருந்தின் பெயர் தெளிவாக இருக்க வேண்டும். அன்று நர்ஸிடம் தொகுதி எண்ணைக் கேட்டுக் குறித்து வையுங்கள், குப்பியைப் போட்டோ எடுத்தாலும் தப்பில்லை. பிள்ளைகள் படுத்திருப்பதை மட்டும் யாரும் வீடியோ எடுக்க விடாதீர்கள். போட்ட பிறகு அரை மணி நேரம் உட்கார வைக்க வேண்டும், வீட்டுப் பாடம் கொடுத்தாவது. அட்ரினலின் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். மேஜையில் கையை நீட்டிக் காட்ட வேண்டும், "வண்டியில இருக்கு" என்றால் எடுத்து வரச் சொல்லுங்கள்.

வீட்டுக்குப் போன பிறகு காய்ச்சல், கை வலி இருந்தால் பாராசிட்டமால் போதும். வீக்கத்தில் தைலம் தேய்க்க வேண்டாம். மூச்சுத் திணறல், வலிப்பு, நிற்காத வாந்தி, மூன்று நாளுக்கு மேல் காய்ச்சல் என்றால் நேராக ஆஸ்பத்திரி. எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையோ, பக்கத்துத் தனியார் மருத்துவமனையோ, எங்கே போனாலும் "இன்ன தேதியில் இன்ன ஊசி" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். தனியார் டாக்டரும் அதை அரசுக்கு எழுத வேண்டும். அவர் எழுதுவாரா என்று சந்தேகம் இருந்தால் நீங்களே 104-க்குப் பேசலாம். 1800-180-3024 என்ற மருந்துப் பக்க விளைவு எண்ணும் இருக்கிறது. சொன்ன பிறகு பதிவு எண் கேட்டு வாங்குங்கள். ஒரு மாதம் கழித்து அந்த எண்ணைச் சொல்லி என்ன ஆயிற்று என்று கேளுங்கள். இரண்டாம் மாதமும் கேளுங்கள்.

அப்புறம், காலையில் சாப்பிடாமல் யாரும் வரக் கூடாது, இரண்டு இட்லியாவது உள்ளே போயிருக்க வேண்டும். ஊசி போடும் அறைக்கு இரண்டு கதவு இருக்க வேண்டும்: ஒன்றில் நுழைந்து, இன்னொன்றில் வெளியேற வேண்டும். வரிசையில் நிற்கும் பிள்ளைக்கு ஊசியும் தெரியக் கூடாது, போட்டுவிட்டு வரும் பிள்ளையின் முகமும் தெரியக் கூடாது. உங்கள் பள்ளியில் அப்படி இரண்டு கதவு உள்ள அறை எது என்று நாளைக்கே போய்ப் பார்த்து வையுங்கள்.